மூடுபனி ஊரில் கத்தரி நிறச் சுவர்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில், காபித் தோட்டத்துக்கு நடுவே எங்கள் வீடு. மாமனார் கட்டியது, நாற்பது ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. முன்கூடத்தில் சிவப்பு ஆக்சைடு தரை, பலாமரத்தில் செய்த கதவு, பலாமர ஊஞ்சல். வடக்குச் சுவரில் கருங்கல் வைத்துக் கட்டிய கணப்படுப்பு இருக்கிறது. கிழக்கே இரண்டு பெரிய ஜன்னல். மேற்குச் சுவரில் மழைக்காலம் வந்தால் ஓதம் ஏறும். மாடியில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். மே மாதக் கோடை விழாவுக்குள் பெயிண்ட் வேலையை முடித்தாக வேண்டும். கூடத்துக்கு அடர் ஊதா அடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. மலையில் குறிஞ்சி பூத்தபோது பார்த்த நிறம் மனசை விட்டுப் போகவில்லை. சேலத்தில் கடைக்குப் போய் ஷேட் கார்டு பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் சிலேட்டுப் பலகை மாதிரி இருக்கிறது. “வீடே இருட்டடிச்சுப் போயிடும்” என்கிறார் மாமியார். “ஒரு சுவர் போதும்” என்கிறார் கணவர். “மூணு சுவரும் லைட் வயலட், ஒண்ணு மட்டும் டார்க் அடிச்சிடலாம்க்கா” என்கிறார் பெயிண்டர். எந்த ஊதா, எந்தச் சுவர், கூட என்ன நிறம் வைப்பது?

— வாசகி ஒருவர், ஏற்காடு

பதில்: கடையில் நீங்கள் பார்த்த நிறமும் உண்மை, வீட்டில் பார்த்த சிலேட்டு நிறமும் உண்மை. நடுவில் மாறியது வெளிச்சம். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்; அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மஞ்சள், பச்சை, நீலம் எல்லாவற்றுக்கும் வானவில்லில் தனி இடம் உண்டு. நீங்கள் ஆசைப்படுகிற கத்தரி ஊதாவுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. வானவில்லின் ஒரு கோடியில் இருக்கிற சிவப்பும் மறுகோடியில் இருக்கிற நீலமும் ஒன்றாகக் கண்ணுக்கு வந்து சேரும்போதுதான் அது உண்டாகிறது. ஆகவே அறைக்குள் வரும் வெளிச்சத்தில் இந்த இரண்டு கோடியும் வேண்டிய அளவு இருந்தாக வேண்டும். சிவப்பு குறைந்தால் ஊதா நீலச் சாம்பலாகிவிடும்; நீலம் குறைந்தால் பழுப்பாகிவிடும். வெளிச்சம் மாறும்போது ஊதா அளவுக்குத் தடுமாறுகிற நிறம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சேலத்தில் கடைவாசலில் நின்று அட்டையைத் தூக்கிப் பிடித்தால் அதன் மேல் விழுவது நேரடி வெயில். சிவப்பு, நீலம் இரண்டுமே அதில் தாராளம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; வருஷத்தில் பல மாதம் உங்கள் ஜன்னலுக்கு வெளியே வெயில் இல்லை, மூடுபனி இருக்கிறது. பனியில் சிதறி உள்ளே வரும் வெளிச்சம் மங்கலானது, நிழல் விழாதது, நீலச் சாயல் கொண்டது. அட்டையில் இருந்த கொஞ்சம் சிவப்பை எழுப்ப அதற்குத் திராணி கிடையாது. நீங்கள் எடுத்து வந்தது நீலம் தூக்கலான ஊதாவாகத்தான் இருக்க வேண்டும். அதுதான் சிலேட்டு நிறமாகிவிட்டது.

குறிஞ்சி விஷயத்தில் உங்கள் ஆசையைக் குலைக்க எனக்கு மனமில்லை. நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் உரியதல்ல, நம் சேர்வராயன் மலையிலும் பூக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ மனசில் தங்கிவிடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அது அடர் நிறம் அல்ல. மெல்லிய இதழ், வெளிச்சம் அதை ஊடுருவி வரும், ஒரு சரிவு முழுக்க லட்சக்கணக்கான பூக்கள் திறந்த வானத்துக்குக் கீழே நிற்கும். சுவரில் வெளிச்சம் ஊடுருவ வழி இல்லை. அந்த நீல ஊதாவை எடுத்து, அடர்த்தியாக்கி, பனி ஊரில் ஒரு கூடத்துக்குள் அடித்தால் குறிஞ்சி வராது. மழைக்கால மேகம்தான் வரும். குறிஞ்சி நிறத்தை ஒரு மெத்தை உறையிலோ திரைத் துணியிலோ வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அது வேண்டாம்.

சுவருக்கு வேண்டியது செம்மை தூக்கலான ஊதா. உங்கள் தோட்டத்திலேயே அதற்கு அடையாளம் இருக்கிறது. பறிக்காமல் விட்டுப்போன காபிப் பழம் செடியிலேயே முற்றிக் கறுக்கும் அல்லவா? செக்கச்சிவப்பைத் தாண்டி, கறுப்பைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நிறம் வரும். நான் சொல்வது அந்தத் திசை. கடையில் கேட்கும்போது ‘வயலட்’ என்று கேட்டால் நீலப் பக்கம் இழுத்துக் காட்டுவார்கள். ‘பிரிஞ்சால்’, ‘பிளம்’, ‘ஒயின்’ என்று கேளுங்கள், செம்மைப் பக்கம் வருவார்கள். பனியும் தூறலும் ஓயாத இங்கிலாந்தில் ஃபாரோ அண்டு பால் என்கிற பெயிண்ட் நிறுவனம் ‘பிரிஞ்சால்’ என்ற பெயரிலேயே ஒரு நிறம் விற்கிறது. அதுவும் சிவப்பு தூக்கலான கத்தரிதான். மங்கல் வெளிச்சத்தில் வாழ்கிறவர்களுக்கு எந்த ஊதா உயிரோடு நிற்கும் என்பது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

போனில் நாம் பார்க்கிற ஊதாச் சுவர்ப் படங்கள் பல மெக்சிகோ பாணியைப் பின்பற்றுபவை. 1980-இல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற கட்டடக் கலைஞர் லூயிஸ் பாராகான் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சுவர் எழுப்பிப் புகழ் பெற்றவர். அங்கே அந்தச் சுவர்களின் மேல் கண்ணைக் கூச வைக்கும் மேட்டுநில வெயில் அடிக்கிறது. அந்தப் படத்தை பெயிண்டரிடம் காட்டி ‘இதே மாதிரி’ என்று கேட்காதீர்கள். அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வெயிலை டின்னில் கலந்து தர முடியாது.

செம்மை ஊதாவிலும் ஒரு சிக்கல் உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பொழுது சாய்ந்து, விளக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு கால் மணி நேரம் இருக்கிறதே, அப்போது சுவர் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் மிகக் குறையும்போது நம் கண் முதலில் கைவிடுவது சிவப்பைத்தான். நீலமும் பச்சையும் கொஞ்சம் பிந்தித்தான் மங்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் உடலியல் அறிஞர் புர்கின்யே இதைக் கவனித்து எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அது அறியப்படுகிறது. உங்கள் ஊரில் மாலைப் பனி இறங்கினால் அந்தக் கால் மணி நேரம் ஒரு மணி நேரமாகவும் நீளும். பரிகாரம் சுலபம்: அந்தச் சுவருக்கென்று ஒரு விளக்கு, சீக்கிரமே போடுகிற வழக்கம். விளக்குப் போட்டதும் செம்மை ஊதா எழுந்து நிற்கும். நீல ஊதா விளக்கு வெளிச்சத்திலும் எழாது, ஏனென்றால் மஞ்சள் விளக்கில் நீலம் குறைவு.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் ‘கூல் டே லைட்’ என்று தருகிற 6,500 கெல்வின் எல்.இ.டி. பல்பை அந்தக் கூடத்தில் மாட்டாதீர்கள். ‘வார்ம் ஒயிட்’, 2,700 முதல் 3,000 கெல்வின், கேட்டு வாங்குங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். 90-க்கு மேல் இருந்தால் சிவப்பை ஒழுங்காகக் காட்டும். மலிவான பல்புகளில் பெரும்பாலும் 80-க்குப் பக்கம் இருக்கும், அவற்றில் முதலில் அடிபடுவது சிவப்புதான். உச்சியில் ஒரே பெரிய விளக்கு வைப்பதைவிட, கணப்பு மாடத்தின் மேல் ஒன்று, ஊஞ்சல் பக்கம் ஒன்று, மூலையில் ஒன்று என்று மூன்று சின்ன விளக்கு நல்லது.

இனி அட்டையிலிருந்து டின்னுக்கு வருவோம். பழைய காலத்தில் ஊதா என்றால் அரசர் வீட்டுச் சரக்கு. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகத் தயாரிக்கப் பார்த்து, தவறிப்போய்ச் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அன்றுமுதல்தான் ஊதா எல்லோர் வீட்டுக்கும் எட்டியது. இன்று பெயிண்ட் கடை மெஷினில் ஊதா பிறக்கும் வழி ஒன்றே ஒன்றல்ல. சில நிறங்களுக்கு டையாக்சசின் வயலட் என்கிற ஊதா நிறமியையே விட்டுக் கறுப்பால் அடக்குவார்கள். சிலவற்றுக்கு மெஜந்தாவும் நீலமும் கலந்து ஊதாவாக்குவார்கள். கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், வீட்டு விளக்கில் இரண்டு நிறமாகப் பிரிந்துவிடும். ஆகவே ஒரு நிறுவனத்தின் ஷேட் கார்டில் பார்த்த நிறத்தை இன்னொரு நிறுவனத்தின் டின்னில் ‘மேட்ச்’ செய்து தரச் சொல்லாதீர்கள். எந்த அட்டையோ அந்த டின். கலந்த பிறகு மூடியில் ஒட்டித் தருகிற கலவைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அட்டையை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். இரண்டு மூன்று ஊதாவில் சின்ன டின் வாங்கி, மூன்றடிக்கு மூன்றடி ஹார்ட்போர்டில் விளிம்பு வரைக்கும் இரண்டு கோட் அடித்து, அடிக்கப் போகிற சுவரில் சாய்த்து வையுங்கள். வெள்ளைச் சுவரிலேயே ஓர் ஓரமாகப் பூசிப் பார்ப்பது சரிப்படாது. சுற்றிலும் வெள்ளை இருந்தால் எந்த அடர் நிறமும் இன்னும் கறுத்துத்தான் தெரியும். பனி மூடிய காலை, வெயில் வந்த பத்து மணி, விளக்குப் போட்ட இரவு, மூன்றிலும் பாருங்கள். மூன்றிலும் அழகாக இருக்கும் நிறம் கிடைக்காது. ராத்திரி நன்றாக இருக்கிறதா, பனியில் தாங்குகிறதா என்று மட்டும் கேளுங்கள். கூடத்தில் எல்லோரும் கூடி உட்காருகிற நேரம் எது? கணப்பு மூட்டுகிற நேரம்தானே? அந்த நேரத்துக்கு நிறம் எடுங்கள்.

எந்தச் சுவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வடக்குச் சுவர், கணப்படுப்பு இருக்கிற சுவர். ஜன்னல் இருக்கிற கிழக்குச் சுவரில் அடர் நிறம் வேண்டவே வேண்டாம். பனிநாளில் ஜன்னல் வெறும் வெள்ளைப் பலகையாகிவிடும். அதைச் சுற்றி அடர் ஊதா இருந்தால் வெளிச்சமும் இருட்டும் மோதிக் கண் கூசும், அந்தப் பக்கம் பார்த்து உட்காரவே முடியாது. ஜன்னல் சுவர் வெளுப்பாக இருந்தால் வெளிச்சம் படிப்படியாக உள்ளே இறங்கும். மேற்குச் சுவர் ஜன்னலுக்கு நேர் எதிரே இருப்பதால் வெளிச்சம் நன்றாக விழும், நிறத்துக்கு ஏற்ற சுவர்தான்; ஓதம் இருப்பதால் அதையும் விட்டுவிட வேண்டியதுதான்.

ஓதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலை வீடுகளில் அடர் நிறத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். ஈரம் சுவருக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். தண்ணீர் ஆவியாகும், உப்பு சுவர்மேல் வெள்ளையாகப் பூக்கும். வெளிர் சுவரில் அதைக் கவனிக்காமல் இருந்துவிடலாம். ஊதாவில் ஒரு கைப்பிடி உப்பு பூத்தாலும் கூடம் முழுக்க அதுதான் தெரியும். பெயிண்ட் கடையில் ‘டேம்ப் புரூஃப்’ டின் ஒன்றை வாங்கி உள்ளே இருந்து பூசினால் போதும் என்பார்கள். ஈரம் வருகிற வழியை அடைக்காமல் உள்ளே மட்டும் மூடினால், ஈரம் பக்கத்தில் வேறு வழி தேடும், அல்லது பூச்சையே பெயர்த்துக்கொண்டு வரும். முதலில் வெளியே போய்ப் பாருங்கள். மலையில் சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்பக்க மண் சுவரில் சாய்ந்து நிற்கும். அது உள்தரைக்கு மேலே இருந்தால் மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்காமல் என்ன செய்யும்? மண்ணைத் தள்ளி, சுவரோரம் ஒரு வாய்க்கால் எடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே விழுகிறதா என்றும் பாருங்கள். பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி எடுங்கள்.

வடக்குச் சுவரையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கி ஒட்டி ஒருநாள் முழுக்க விடுங்கள். பிரித்துப் பார்க்கையில் உட்புறம் நீர் முத்து இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை, பெயிண்ட் தொடக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சுவர் சிமெண்ட் பூச்சா, சுண்ணாம்புப் பூச்சா? 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த காலம் தொட்டு எழுந்த பழைய தோட்ட பங்களாக்கள் தடித்த கல்சுவரும் சுண்ணாம்புப் பூச்சுமாக நிற்பவை. உங்கள் வீட்டு வயதுக்குச் சிமெண்டாகத்தான் இருக்கும். ஆனாலும் பழைய பகுதி எதையாவது சேர்த்துக் கட்டியிருந்தால் விசாரியுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷனை ஏற்றினால் அந்த வழி அடைபட்டு, சில மழைக்காலத்தில் தோல் உரியும். அப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்பே சரி. சுண்ணாம்பில் அடர் ஊதா கொண்டுவர முடியாது. நிறப்பொடியை ஓர் அளவுக்கு மேல் சேர்த்தால் சுண்ணாம்பு அதைப் பிடித்து வைக்காது, கையில் ஒட்டும், காய்ந்ததும் வெளுத்தும் போகும். நம் வீடுகளில் வெள்ளையடிக்கும்போது துணிக்குப் போடும் நீலத்தைக் கலப்பார்களே, அது அல்ட்ராமரின். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறமி அது. அதே நீலக் குடும்பத்தில் பிரஷ்யன் நீலத்தைக் கலந்தால் காரத்தில் சிதைந்துவிடும். உங்கள் மேற்குச் சுவரில் இதுவரை எமல்ஷன் ஏறவில்லை என்றால் இந்த வருஷம் அதற்கு வெறும் சுண்ணாம்பு அடித்து ஒரு மழைக்காலம் பாருங்கள்.

இப்போது சேர்க்கை நிறம். பெயிண்டர் சொன்ன லைட் வயலட் வேண்டாம் என்பேன். அடர் ஊதாவுக்குப் பக்கத்தில் வெளிர் ஊதா வைத்தால் பனி வெளிச்சத்தில் வெளிர் ஊதா சாம்பலாகிவிடும், அடர் ஊதாவுக்கு எதிர்ப்பேச்சுப் பேச ஆள் இருக்காது. ஊதாவுக்கு எதிர்நிறம் மஞ்சள்; அதை நம் நெசவாளர்கள் யாரிடமும் கேட்காமலே அறிந்தவர்கள். உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். கத்தரிப்பூ உடலுக்கு மாம்பழ மஞ்சள் கரை, இல்லையென்றால் இலைப்பச்சைக் கரை, இல்லையென்றால் அரக்கு. காஞ்சிபுரத்துப் பட்டிலும் பார்க்கலாம், சேலத்துப் பக்கம் இளம்பிள்ளைத் தறியிலும் பார்க்கலாம். கரை எவ்வளவு அகலம் என்பதையும் கவனியுங்கள். பளிச்சென்ற நிறம் கொஞ்சம்தான் இருக்கும்.

உங்கள் கூடத்தில் அந்த மஞ்சள் ஏற்கெனவே இருக்கிறது: பலாமரம். புதிதாக அறுத்த பலா மஞ்சளாக இருக்கும், வயதாக ஆகப் பொன்பழுப்பாகும். செம்மை ஊதாவுக்கு முன்னால் அந்த ஊஞ்சல் நிற்கிறதை மனசில் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து அந்த மரத்துக்கு இனாமல் பெயிண்டோ, சிவப்புச் சாயம் கலந்த ‘ரோஸ்வுட் பாலிஷோ’ அடித்துவிடாதீர்கள். பழைய பாலிஷை உப்புத்தாள் போட்டு எடுத்து, நிறமில்லாத பாலிஷ் கொடுங்கள். இந்த வீட்டில் ஊதா சரிப்படும் என்று நான் துணிந்து சொல்வதற்குப் பெரிய காரணம் அந்த மரம்தான். வெளுத்த பிளைவுட் சாமான்கள் நிறைந்த வீடாக இருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கணப்பின் கருங்கல்லும் நமக்குச் சாதகம். சேர்வராயன் மலையின் கல் சார்னோகைட். சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கிற அதே இனம். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துப் பெயர் வந்தது. நீலமும் பச்சையும் ஓடுகிற சாம்பல் அதன் நிறம். நீல ஊதாவை அடித்திருந்தால் கல் அதற்குள் கரைந்து காணாமல் போயிருக்கும். செம்மை ஊதாவில் கல் தனியாக எடுத்துக் காட்டும். கல்லின் மேல் யாராவது வார்னிஷ் அடித்திருந்தால் எடுத்துவிடுங்கள். மினுக்காத கல்லே அழகு.

சிவப்பு ஆக்சைடு தரையைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தரையின் சிவப்பு சுவரின் அடிப்பாகத்தில் எதிரொளிக்கும், ஊதா அங்கே ஒயின் நிறமாகும். அது மோசமில்லை. ஆனால் சிவப்பும் ஊதாவும் நேரடியாக ஒட்டி நின்றால் இரண்டும் அழுக்காகத் தெரியும். நடுவில் நாலைந்து அங்குலத்துக்குக் கறுப்பு ஆக்சைடில் ஒரு ஸ்கர்ட்டிங் ஓடட்டும். பழைய வீடுகளில் சிவப்புத் தரைக்குக் கறுப்புக் கரை போட்டிருப்பார்களே, அதையே சுவரேற்றுங்கள். ஊதாவும் பழுப்பும் பச்சையும் வரியோடிய பவானி ஜமக்காளம் ஒன்று கணப்புக்கு முன்னால் விரித்தால் தரைக்கும் சுவருக்கும் அதுவே பாலம்.

மற்ற மூன்று சுவருக்குச் சந்தன நிறத்தை நன்றாக வெளுக்க வைத்தது, கொஞ்சம் மஞ்சள் கலந்த தந்த வெள்ளை. கூரைக்கும் அதே குடும்பத்தில் இன்னும் ஒரு படி வெளுப்பு. ‘பிரில்லியண்ட் ஒயிட்’ வேண்டாம். அதில் நீலச் சாயல் உண்டு, பனியில் இன்னும் குளிரும். வெள்ளை மேல் உங்களுக்குச் சலிப்பு இருந்தால், சில்வர் ஓக் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்புறத்தில் ஒரு வெள்ளிச் சாம்பல் பச்சை இருக்கும். அதை மிக வெளிர்த்து ஜன்னல் சுவரில் மட்டும் அடிக்கலாம். வெளியே தெரிகிற காபிச் செடி, மிளகுக் கொடியின் பச்சையோடு அது சேர்ந்துகொள்ளும். திரைச்சீலைக்குக் கடுகு மஞ்சள் கைத்தறி. ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, இரண்டு பித்தளைச் சொம்பு, அதற்கு மேல் மினுமினுப்பு எதுவும் சேர்க்காதீர்கள். வெள்ளி நிறச் சட்டங்கள், குரோமியம் கைப்பிடிகள் ஊதாவைக் கடை ஜன்னலாக்கிவிடும்.

மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் திருப்பித் தரும். அடர் ஊதா பத்துகூடத் தராது. நாலு சுவரும் அடித்தால் பனிநாளில் அவர் அரிசி பொறுக்கக்கூட விளக்குப் போட வேண்டிவரும். ஒரே சுவர் என்று கணவர் சொன்னதும் அதனால் சரி. நல்ல சகுனம், கெட்ட சகுனம் என்று மாமியார் நினைத்தால், கத்தரிப்பூப் பட்டு கல்யாணத்துக்கு எடுக்கிற நிறம்தான் என்று அவருக்கே தெரியும். போர்டில் அடித்த மாதிரியை ராத்திரி விளக்கில் அவர் உட்காருகிற இடத்திலிருந்து காட்டுங்கள், நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் கடைசிப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அந்தக் கூடத்தில் உங்களைவிட அதிக நேரம் இருப்பவர் அவர்தான்.

வேலைக்கு வருவோம். மே மாதம் விழா என்றால் ஏப்ரலில் தொடங்கலாம் என்று பெயிண்டர் சொல்வார். வேண்டாம். காபி பறிப்பு முடிந்து, மார்ச் ஏப்ரலில் வரும் பூமழைக்கு முன்னால், பிப்ரவரியில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்; அதுதான் நாள். ஈரக்காற்றில் அடர் நிற எமல்ஷன் அடித்தால் ஒரு விசேஷத் தொல்லை வரும்: இரண்டொரு நாளில் சுவரில் கண்ணீர் வழிந்த மாதிரி பழுப்பாகப் பிசுபிசுத்த கோடுகள் இறங்கும். பெயிண்ட் கெட்டுப்போனது என்று சண்டைக்குப் போக வேண்டாம். நிறம் சேர்க்கும் திரவங்களில் இருக்கிற சில பொருள்கள் காயத் தாமதமானால் மேலே மிதந்து வருகின்றன. அடர் நிறத்துக்கு அந்தத் திரவம் நிறையச் சேர்வதால் இந்தத் தொல்லையும் அதற்குத்தான் அதிகம். நன்றாகக் காய்ந்தபின் ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் போய்விடும். காலை பத்து மணிக்குமேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிட்டால் பெரும்பாலும் வராது.

ஜன்னல் வெளிச்சம் வடக்குச் சுவரில் பக்கவாட்டில் விழுவதால் மேடுபள்ளம் எல்லாம் தெரியும். பட்டி பார்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பட்டி காய்ந்ததும் ராத்திரியில் சுவரோரம் டார்ச் அடித்துப் பார்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு பிரைமரை வெள்ளையாக விடாமல் சாம்பல் நிறமாகக் கலந்து அடிக்கட்டும். அடர் நிறங்களுக்கு எடுக்கிற ‘டீப் பேஸில்’ மறைக்கும் சக்தி தருகிற வெள்ளை டைட்டானியம் மிகக் குறைவு. வெள்ளைப் பிரைமர் மேல் அடித்தால் மூன்று கோட்டிலும் உள்ளே இருந்து வெளுப்பு எட்டிப் பார்க்கும். சாம்பல் மேல் இரண்டு, அதிகம் போனால் மூன்று கோட். ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டு, மொத்தத்தையும் ஒரே தடவையில் கலந்து வாங்கி, பெரிய வாளியில் ஊற்றி ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். மினுக்கு அதிகம் வேண்டாம். முழு மேட்டும் வேண்டாம், அதில் தோள் உரசிய இடமெல்லாம் பளபளக்கும். கழுவக்கூடிய, லேசான மினுக்குள்ள ரகம் கேளுங்கள்.

மாடி அறைகளுக்கு இந்த ஊதாவைக் கொண்டுபோக வேண்டாம். பகலில் வந்து பெட்டியைத் திறந்து வைக்கிற விருந்தினருக்கு வெளிச்சம்தான் முதல் தேவை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு துணித் திரையாகவோ மெத்தை விரிப்பாகவோ அங்கே உங்கள் குறிஞ்சி நிறம் வரட்டும். வீட்டின் வெளிச்சுவருக்கும் ஊதா வேண்டாம். வெயிலில் செம்மை நிறமிகள் முன்னால் வெளுத்து, சில வருஷத்தில் திட்டுத்திட்டாகும். வேலை முடிந்ததும் மிச்சத்தில் அரை லிட்டரைக் காற்றுப்புகாத சின்ன டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி, கலவைச் சீட்டையும் அதிலேயே ஒட்டிவையுங்கள். டச்சப் செய்ய வேண்டி வந்தால் கறை பட்ட இடத்தில் மட்டும் தொடாமல், மூலையிலிருந்து மூலை வரை அந்தப் பகுதி முழுக்க ஒரு கோட் ஓட்டச் சொல்லுங்கள்.